கொண்டுவந்தவள்

ஓசூர்
10.10.2021

மோனிஷாவின் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வரும். அதனால் விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் மூன்றாவது வார்த்தைக்கே நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். நானும் கத்துகிறேன். அந்த போன் பாப்பா கையில் இருக்கிறது. போன வாரம் நாம் கத்தி முடித்த பிறகும் அவள் அசையாமல் அங்கேயே நின்றிருந்தாளாம், உங்கள் அக்கா சொன்னார். இனிமேல் எழுத்துதான். தக்காளி லோடு இறக்க மாயவன் ஓசூர் வருகிறார் இல்லையா, அவர் வேனில் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத மனசிருந்தால் அவரிடமே கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் ஒன்றாம் தேதி சின்னப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். சோபனா டீச்சர் எனக்குப் போன் செய்தார். பாதிப் பிள்ளைகள் ஒரு நாள், மீதிப் பிள்ளைகள் மறுநாள். பெஞ்சுக்கு இரண்டு பேர். டீச்சர்கள் எல்லோரும் ஊசி போட்டாயிற்று. பெற்றவர்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதும். உங்களிடம் கேட்டதற்கு, "எங்க வூட்டுப் புள்ள வராது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்களாம். எங்க வூட்டுப் புள்ள என்றால் யார் வூட்டுப் பிள்ளை? நான் பத்து மாதம் சுமந்தது வாடகைக்கா?

அவள் இரண்டாவது படித்தபோது பஸ் போர்டையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இப்போது நாலாவது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பாடப் புத்தகத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறாள், எழுத்தைப் பார்க்கவே இல்லை. கிழக்குக்கொட்டாயில் ஒன்பதாவது படித்த பெண்ணுக்குக் கல்யாணமே முடித்துவிட்டார்கள், தெரியும்தானே? பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தால் நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு அடுத்து அதுதான் நடக்கும்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைக் காட்டிப் பிள்ளையை வீட்டில் கட்டிப்போட முடியாது. அனுப்புங்கள்.

இன்னொன்று. மாமாவின் காரியத்தன்று நீங்கள் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. எந்த ஜனத்துக்கு முன்னால் சொன்னீர்களோ அதே ஜனத்துக்கு முன்னால் அதைத் திரும்ப எடுக்கும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். பள்ளிக்கூட விஷயம் வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நிர்மலாதேவி


மாவடிக்கொட்டாய்
மாரண்டஹள்ளி வழி
14.10.2021

ஓசூர் மேடத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்து மாயவன் பயந்துபோய்த் தக்காளிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்தான். அவனை மிரட்டி எதற்கு? அடுத்த தடவை வக்கீலையே அனுப்பு.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். காரணம் வேண்டுமா? மூன்றாவது அலை வரும், அது சின்னப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு ஊசி இருக்கிறது. பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? பெஞ்சுக்கு இரண்டு பேராம். மணி அடித்ததும் அத்தனையும் ஒரே குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும். நீ படித்த பள்ளிக்கூடம், நான் படித்த பள்ளிக்கூடம், அதில் வேறு என்ன நடக்கும்?

உனக்கு இது பேப்பரில் வருகிற சமாசாரம். எனக்கு அப்படி இல்லை. என் அப்பாவைக் காரின் பின் சீட்டில் மடியில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் போனவன் நான். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா மாதவா, வண்டி ஏன்டா நிக்குது" என்று கேட்டார். அதுதான் கடைசிப் பேச்சு. லாரியை நகர்த்தியபோது எங்களுக்குப் போகிற அவசரம் இல்லை. ஆஸ்பத்திரியில் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்க விடாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். நாலு பேர் தோளில் போகவேண்டிய மாரியப்பன் என்கிற மனுஷன் ஜேசிபி தோண்டிய குழிக்குள் போனார்.

நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க வேண்டுமா? ஊரடங்கு என்றதும் ஓசூரிலிருந்து கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தது யார்? அதுவரை இந்த வீட்டில் ஒருவர் தும்மியிருப்பாரா? நீ வந்தாய், அடுத்த வாரம் அப்பா படுத்தார். இதில் திரும்ப எடுக்க என்ன இருக்கிறது? கொண்டுவந்தவள் நீதான்.

பிள்ளைக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டில் அக்கா இருக்கிறது, வேளைக்குச் சோறு போடுகிறது. பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டிருப்பது உன் ஓசூர் நாகரிகம் ஒன்றுதான். தனித் தட்டு, தனி டம்ளர். என் தட்டிலிருந்து ஒரு வாய் களி கொடுத்தால், "வேணாம்பா, கிட்ட வராதீங்க" என்று நகர்ந்து உட்காருகிறாள். பெற்ற அப்பனிடம் அசிங்கம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். சந்தோஷம்.

மாதவராஜ்


ஓசூர்
18.10.2021

மோனிஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தொப்பூரில் நடந்ததை இவ்வளவு நாளில் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு அவர் மாமனார் மட்டுமா? கல்யாணமான புதிதில் உங்கள் கோபத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றது அவர்தான். அவருக்காக அழக்கூட என்னை விடவில்லை. அழ உட்கார்ந்தவளை எழுப்பி, "இவதான் கொண்டாந்தா" என்று கை நீட்டினீர்கள்.

இப்போது நீங்கள் கேளுங்கள். கம்பெனியிலிருந்து ஊருக்கு அனுப்பும் முன் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எனக்கு இல்லை என்றுதான் வந்தது. வந்த முடிவை உங்களுக்கும் காட்டினேன். வந்த பிறகும் எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தினமும் விடியற்காலை மண்டிக்குப் போனீர்கள். மாஸ்க்கைத் தாடைக்குக் கோவணம் கட்டியதுபோலத் தொங்கவிட்டுக்கொண்டு ஏலம் கூவினீர்கள். வந்து அந்தச் சட்டையோடு மாமா கட்டிலில் உட்கார்ந்து கணக்குச் சொன்னீர்கள். உங்களுக்கும் ஒருநாள் தொண்டை கட்டியிருந்தது. நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஞாபகம் வருகிறதா? அதை நான் யார் முன்னாலும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்லவைக்கிறீர்கள்.

தனித் தட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நான் கற்றுக்கொடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் என் தலையில் கட்டாதீர்கள். என்னிடமும் அவள் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை. "சாப்ட்டியா", "ம்". "தூங்குனியா", "ம்". இதற்குப் பின்னால் யார் என்று நான் யோசிக்க மாட்டேனா?

பிள்ளை பாதுகாப்பு, மூன்றாவது அலை என்றெல்லாம் எழுதுகிறீர்கள். தக்காளிச் செடிக்குக் கயிறு கட்ட அவளைத்தானே உட்கார வைத்திருக்கிறீர்கள்? வீடியோவில் அவள் விரலைப் பார்த்தேன். சணல் அறுத்த கோடு கோடாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போனால் கூலிக்கு ஒரு ஆள் வைக்க வேண்டியிருக்கும், அதுதானே? தோட்டத்தில் வேலை செய்கிற பத்துப் பெண்களோடு சேர்ந்து உட்காரும்போது வராத நோய், சோபனா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வந்துவிடுமா?

எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு இனிமேல் பொறுமை இல்லை. ஒன்றாம் தேதி நானே வருகிறேன். வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன், அது அப்படியே இருக்கும். அவளைக் குளிப்பாட்டி, யூனிபார்ம் போட்டு, ரோட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கிருந்து நான் கூட்டிப்போகிறேன். சம்மதத்தில் அம்மா கையெழுத்தும் செல்லும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நிர்மலாதேவி


மாவடிக்கொட்டாய்
23.10.2021

நிர்மலாதேவிக்கு,

வா. நன்றாக வா. கம்பெனி லீவு கொடுத்தால் வா.

கூலி மிச்சம் பிடிக்கத்தான் என் பிள்ளையை வைத்திருக்கிறேன் என்று எழுத உனக்குக் கை கூசவில்லை. அவளாக வந்து உட்காருகிறாள். மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போ என்று விரட்டினாலும் போவதில்லை. தோட்டத்திலும் மற்ற பெண்கள் பக்கம் போக மாட்டாள். செடி வரிசையில் கடைசிச் சாலில் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மண்டிக்குப் போனேன், ஆமாம். போகாமல்? பழுத்ததைச் செடியிலேயே விட்டு அழுக வைக்கச் சொல்கிறாயா? நீ மாசமானால் சம்பளம் வாங்குகிறவள். தொண்டை கட்டியது மோர் குடித்து. அதையெல்லாம் இவ்வளவு நாள் மனசில் பூட்டி வைத்திருந்து இப்போது எடுத்து வீசுகிறாயே, நீ லேசுப்பட்ட ஆள் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே பிள்ளையிடம் கேட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. வேண்டுமானால் அக்காவிடம் விசாரித்துக்கொள்.

"பாப்பா, ஸ்கூல் தொறக்கறாங்களாம். போறியா?"

"போவலப்பா."

"ஏன்? பயமா இருக்குதா?"

"இல்ல. போவல."

"உங்கம்மா வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

அவள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். பிள்ளைக்கே இஷ்டமில்லை. இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?

ஒன்றாம் தேதி ரோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நிறுத்தாவிட்டால் அதற்கும் ஊரைக் கூட்டுவாய். ஆனால் அவள் வர மாட்டேன் என்றால் இழுக்கக் கூடாது. இழுத்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

மாதவராஜ்


ஓசூர்
2.11.2021

மாதவராஜுக்கு,

திருப்திதானே?

பள்ளிக்கூட வாசலில் பலூன் கட்டி, கற்கண்டு கொடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளை மட்டும் கேட் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்துகிறாள். டீச்சர் வந்து தலையைத் தொட்டதும் பாம்பைக் கண்டவள் போலத் துள்ளி விலகினாள். நான் இடுப்போடு சேர்த்துத் தூக்கினேன். என் கையைக் கடித்தாள். இதோ எழுதுகிற கைதான், பல் பதிந்த இடம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மழையில் செருப்பையும் பையையும் விட்டுவிட்டு ஓடினாளே, அப்போது வண்டிமேல் சாய்ந்துகொண்டு நின்றீர்களே, அந்த நிற்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கடித்ததுகூடப் பெரிதில்லை. அவள் சொன்னதைக் கேட்டீர்களா? "கிட்ட வராதம்மா. என்னத் தொடாத." இதைத்தான் ஐந்து மாதமாகக் கற்றுக்கொடுத்தீர்களா? அம்மா நோயைக் கொண்டுவந்தவள், அம்மாவைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தால் வேறு என்ன சொல்லுவாள்? கூடியிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என் முகத்தில் காறித் துப்பியதுபோல இருந்தது.

உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள், அடிக்கக்கூட வாருங்கள். பிள்ளை மனசில் விஷம் வைத்தீர்களே, நீங்கள் நன்றாக இருப்பீர்களா? தீர்த்தமலையில் முடி கொடுத்து வேண்டிப் பெற்ற பிள்ளை அவள். அந்த ஈஸ்வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டையை மாயவனிடம் கொடுத்திருக்கிறேன். என் பெயரைச் சொன்னால் போட மாட்டாள் என்றால், நீங்கள் எடுத்ததாகவே சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்து நான் எழுதுவது வக்கீலுக்குத்தான்.

நிர்மலாதேவி


மாவடிக்கொட்டாய்
6.11.2021

நிர்மலாதேவிக்கு,

உன் கடிதத்துக்குப் பதிலுக்குப் பதில் எழுதி வைத்திருந்தேன். நாலு பக்கம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன்மேல் கோபம் போய்விட்டதென்று நினைக்காதே. அது எங்கேயும் போகவில்லை.

தீபாவளியன்று அவளுக்கு நீ அனுப்பிய பாவாடையைப் போட்டுவிட்டு மத்தாப்பூ வாங்க மாரண்டஹள்ளிக்கு வண்டியில் கூட்டிப்போனேன். வண்டியில் முன்னால் உட்காருகிற பிள்ளை இப்போது பின்னால் உட்காருகிறாள். அதுவும் ஓரத்தில், என் முதுகில் படாமல். விழுந்துவிடுவாய், அப்பாவைப் பிடித்துக்கொள் என்றேன். மாட்டேன் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்து வண்டியை ஓரம்கட்டினேன்.

"என்னாடி உனக்கு? அப்பன் மேல நாறுதா?" என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அழுதாள். அன்றைக்கு ஸ்கூல் கேட்டில் அழுத அழுகை இல்லை, வேறு அழுகை. வாயை மூடிக்கொண்டு, தோளெல்லாம் குலுங்க அழுதாள். நான் கிட்டே போகப்போக அவள் பின்னால் போகிறாள்.

"நான் ஸ்கூலுக்குப் போயி மறுபடி கொண்டாந்தா நீங்களும் செத்துருவீங்கப்பா. அப்புறம் அம்மாவும். அப்புறம் எனக்கு யாரு இருப்பா?"

எனக்குப் புரியவில்லை. "மறுபடின்னா?" என்று கேட்டேன்.

"தாத்தாவுக்கு நான்தானே கொண்டாந்தேன்."

நிர்மலா, இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்போது கடைசி உருண்டைக் களியைக் குழம்பில் தோய்த்து அவளுக்குத்தான் கொடுப்பார், உனக்குத் தெரியும். அந்த உருண்டைக்காகவே அவர் கட்டிலை விட்டு நகர மாட்டாள். மே மாதம், நீ வந்து நாலைந்து நாள் கழித்து, வெளியே போகாதே என்று நாம் கத்திக்கொண்டிருந்தபோதே இவள் தண்ணீர் டேங்குக்குப் போயிருக்கிறாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு டீச்சர் அனுப்பிய வீடியோ பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. அங்கிருந்து நேராக வந்து, கைகூடக் கழுவாமல் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு விளையாட்டாக, "இன்னிக்கி நான் குடுக்கறேன் தாத்தா" என்று கடைசி உருண்டையை இவள் அவர் வாயில் போட்டிருக்கிறாள். பிறகு அவருக்குக் காய்ச்சல். பிறகு அவர் திரும்பி வரவே இல்லை.

காரியத்தன்று நான் கத்தினேனே. "எவ கொண்டாந்தாளோ அவ எங்கப்பனக் கொன்னவ" என்று முதலில் பொதுவாகத்தான் கத்தினேன். உன்னைக் கை காட்டியது அப்புறம். இவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் வார்த்தையிலேயே அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். உண்மை தெரியாமல்தான் நான் உன்னைச் சொல்கிறேன் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர், கடைசிச் சால், என் முதுகில் படாமல் உட்காருவது எல்லாம் இதற்குத்தான். கேட்டில் உன்னைக் கிட்டே வராதே என்று சொன்னதும் இதற்குத்தான். நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, அக்கா மேல் சத்தியம்.

உன்னால் இல்லை பாப்பா, யாராலென்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ன கேட்டாள் தெரியுமா? "யாருக்கும் தெரியாதுன்னா நானாவும் இருக்கலாம்ல?" அக்காவும் சொல்லிப் பார்த்தது. சோபனா டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். எல்லோரும் பேசுவதை நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொள்கிறாள். சாப்பிடத் தட்டைத் தூக்கிக்கொண்டு தூரமாகத்தான் போகிறாள்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

மாதவராஜ்


ஓசூர்
8.11.2021

மாதவராஜுக்கு,

மாயவன் இன்றைக்குத் திரும்புகிறார். அவரை நிற்க வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாருக்கும் தெரியாது என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நீங்கள்தான் ஐந்து மாதமாக ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறீர்களே. அவளிடமும் காட்டுங்கள்.

நான் சொல்கிறபடி சொல்லுங்கள். அம்மாவுக்கு ஓசூரிலேயே காய்ச்சல். லீவு கிடைக்காதென்று மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாத்தாதான் பையை வாங்கிக்கொண்டார். நீ டேங்குக்குப் போவதற்கு முன்பே தாத்தாவுக்கு உடம்பு சூடாகத்தான் இருந்தது, அப்பா தொட்டுப் பார்த்தேன், நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. இதெல்லாம் அம்மாவே இப்போது ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். கடிதத்தைக் கேட்டால் இதைக் காட்டிவிடாதீர்கள். தனியாக ஒரு தாள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். அவளால் வாசிக்க முடியாவிட்டால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளை முதலில் போய்க் கேட்பது அத்தையைத்தான். இரண்டு பேர் வாயிலும் ஒரே மாதிரி வர வேண்டும். சொல்லும்போது தடுமாறாதீர்கள். உங்களுக்குப் பழகின பேச்சுதானே, தடுமாற மாட்டீர்கள்.

இது பொய். பொய் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஜனத்தின் முன்னால் வார்த்தையைத் திரும்ப எடுங்கள் என்று கேட்டேன் இல்லையா, இனிமேல் அதைக் கேட்க மாட்டேன். கேட்டாலும் உங்களால் எடுக்க முடியாது.

நிர்மலாதேவி


மாவடிக்கொட்டாய்
16.11.2021

நிர்மலாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மழை லீவு முடியட்டும் என்று காத்திருந்தேன். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டேன். பழகின பேச்சு என்று எழுதினாய், ஆனால் இந்தத் தடவை அது பழகின பேச்சாக இல்லை. கடைசியில் சனிக்கிழமை செடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னேன். போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டாள். எந்த பஸ், என்ன மாத்திரை, தாத்தா கழுத்தைத் தொட்டீங்களா நெத்தியத் தொட்டீங்களா. எல்லாவற்றுக்கும் சொன்னேன். அக்காவிடம் ஓடினாள், அக்காவும் அதையே சொன்னது. உன் தாளை வாங்கிக்கொண்டு போய் எழுத்துக்கூட்டி முழுக்க அவளே படித்தாள்.

பிறகு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஜோரில் தூங்கியே போனாள்.

நேற்று ஸ்கூலுக்குப் போனாள். ஸ்கூல் கேட் பக்கத்தில் வந்ததும் என் கையை விட்டுவிட்டு ஓடினாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யூனிபார்ம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும். சாயந்திரம் டேங்குப் பக்கம் நின்று கத்திக் கத்தி விளையாடினாள். அவள் சத்தத்தைக் கேட்டு அக்கா அழுதது.

நல்ல செய்தியை இத்தோடு முடிக்கலாம். ஆனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நேற்று நீ கூப்பிட்டபோது அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அவங்களோட பேச மாட்டேன்" என்றாள்.

"அம்மாவ அப்படிச் சொல்லக் கூடாது பாப்பா."

"தாத்தாவக் கொன்னுட்டு பொய் வேற சொல்லியிருக்காங்க. நான்னு நெனச்சி நான் எத்தன நாளு அழுதேன் தெரியுமா? அவங்க சும்மா இருந்தாங்க."

என் கை ஓங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டேன். உங்கம்மாவைப் பேசினால் பல்லைத் தட்டிவிடுவேன் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானேப்பா எல்லாருகிட்டயும் மொதல்ல சொன்னீங்க" என்றாள்.

நிர்மலா, இது வேண்டாம். உன்மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்ததை என் பிள்ளை வாயில் கேட்க முடியவில்லை. இப்போது தெளிந்துவிட்டாள், ஸ்கூலுக்கும் போய்விட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், இல்லையென்றால் நாளைக்கே வேண்டுமானாலும், அம்மா சொன்னது பொய், உனக்காகச் சொன்னாள் என்று சொல்லிவிடுகிறேன். மண்டியிலிருந்து அப்பாதான் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை எழுது, சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வா. வாசலை மிதிக்க மாட்டேன் என்றெல்லாம் இனிமேல் பேசாதே.

மாதவராஜ்


ஓசூர்
19.11.2021

மோனிஷாவின் அப்பாவுக்கு,

சொல்லக் கூடாது.

அம்மா சொன்னது பொய் என்று நீங்கள் வாயைத் திறந்த நிமிஷம் அவள் நேராக அந்தக் களி உருண்டைக்குத்தான் திரும்பிப் போவாள். அப்பா கொண்டுவந்தேன் என்று சொன்னால், அதுவும் எனக்காகச் சொல்கிற பொய் என்று நினைப்பாள். இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சொன்னால் எதை நம்புவாள்? அப்புறம் உங்கள் முதுகில் படாமல் உட்காருவாள். அதையும் மழையில் செருப்பில்லாமல் ஓடியதையும் இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. அவளுக்கு வயது வரட்டும். வந்த பிறகு சொல்வதா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை நீங்கள் சொன்னது சொன்னதுதான். யார் கேட்டாலும் கொண்டுவந்தவள் நான்தான். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் இரண்டு பேரும் ஒரே பேச்சு பேசுவோம்.

எனக்காக அவளை அடிக்கக் கை ஓங்க வேண்டாம். என் பக்கம் பேசவும் வேண்டாம். அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. இப்போது நீங்கள் பேசினால் அவளுக்குச் சந்தேகம்தான் வரும்.

நான் ஊருக்கு வரவில்லை. வாசல் சபதத்துக்காக இல்லை. என்னைப் பார்த்து அவள் வீட்டுக்குள்ளே ஓடி ஒளிந்துகொண்டால், அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போகிற சந்தோஷம் கெட்டுப்போகும். யூனிபார்ம் துணி அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் இறக்கமாகவே தைக்கச் சொல்லுங்கள். முழுத் தாளையும் எழுத்துக்கூட்டி அவளே படித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்டு முடிந்ததும் தினமும் கூப்பிடுவேன். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், போன் அவள் பக்கத்திலேயே இருக்கட்டும். கட் பண்ணினால் பண்ணட்டும். கட் பண்ணுவதற்காவது அவள் அதைக் கையில் எடுக்க வேண்டும் இல்லையா.

நிர்மலா